பத்தொன்பது மீட்டரில் வந்த பேர்

1990

ஆகஸ்ட் 3, வெள்ளி

குவைத்துக்குள் ஈராக் ராணுவம் புகுந்துவிட்டது. நேற்றே புகுந்துவிட்டதாம். நான் நேற்று முழுக்க டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளின் விரல்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். இன்று காலை மாமா டீக்கடையில் பேப்பர் பார்த்துவிட்டு வந்தார். என்னைப் பார்க்காமல் சமையலறைக் கதவைப் பார்த்துச் சொன்னார்.

"அறவாழி இருக்குற ஊரப் புடிச்சிட்டானுவளாம்."

நானும் கதவுக்குப் பின்னால் நின்று, "போன் போட்டுப் பாக்கலாமே" என்று கதவிடமே சொன்னேன். கல்யாணமாகி வந்த ஆறு வருடமாக மாமனார் மருமகள் பேச்சுவார்த்தை இப்படித்தான். அத்தை நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். வீட்டில் மாமா, நான், நடுவில் இந்தக் கதவு.

எக்ஸ்சேஞ்சில் போய்க் கேட்டார். குவைத்துக்கு லைனே இல்லையாம்.

இது என் வீட்டுக்காரர் போன லீவில் கொண்டுவந்த டைரி, கம்பெனி பேரைத் தங்க எழுத்தில் அச்சடித்தது. கோலம் வரைந்து பார்க்க வைத்திருந்தேன். இனி இதில் எழுதப் போகிறேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

ஆகஸ்ட் 5, ஞாயிறு

அவர் கொண்டுவந்த டூ-இன்-ஒன்னில் இதுவரை பாட்டு கேசட்தான் ஓடியது. இன்று ரேடியோ முள்ளைத் திருகித் திருகி உலகத்தையே சுற்றி வந்தேன். லண்டன் தமிழ் வருகிறது. மணிலா தமிழ் வருகிறது. ஆங்கிலத்தில் நாலைந்து நிலையங்கள் வருகின்றன. அரபியும் வருகிறது, அது புரியவில்லை.

ஏரியல் கம்பியைத் துணிக்கொடியில் கட்டினால் தெளிவாகக் கேட்கிறது. கொடியில் ஈரத்துணி போட்டால் கரகரக்கிறது. ஆகவே செய்தி நேரத்தில் துவைத்த துணி வாளியிலேயே கிடந்தது. மாமாவின் கறுப்புச் சட்டை நாலும் வாளியில் கிடந்து நாற்றம் பிடித்துவிட்டன. அவர் கதவிடம்கூட முறையிடவில்லை.

நான் ஷார்ட்ஹேண்ட் ஹையர் பாஸ். எந்த நாட்டுக்காரர் எந்த வேகத்தில் செய்தி வாசித்தாலும் என் பென்சில் பின்னாலேயே ஓடும். கல்யாணமான நாளிலிருந்து இந்தப் படிப்பு எதற்கு என்று அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறாள். இதற்குத்தான் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 9, வியாழன்

தெருவுக்கே விஷயம் தெரிந்துவிட்டது. எட்டு மணியானால் வாசலில் பெண்கள் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். எங்கள் தெருவில் மட்டும் ஏழு வீட்டு ஆண்கள் அங்கே இருக்கிறார்கள். நான் எழுதி வைத்ததைப் பார்த்துத் தமிழில் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு ஹபீபா அக்கா எனக்கு "பட்டுக்கோட்டை ஸ்டேஷன்" என்று பேர் வைத்திருக்கிறாள்.

"ஸ்டேஷன் தொறந்தாச்சா புள்ள? எங்க மச்சான் பத்தி எதும் சொன்னானுவளா?"

"ஒரு லட்சத்துக்கு மேல ஆளுங்க இருக்காங்கக்கா. ஒவ்வொருத்தரா சொல்ல மாட்டாங்க."

"ஒரு லட்சத்துல என் வீட்டுக்காரரு ஒருத்தருதானே? சொன்னா என்ன கொறைஞ்சா போயிரும்?"

அவள் பேச்சில் நியாயம் இருப்பது போலவே இருக்கும்.

ஆகஸ்ட் 14, செவ்வாய்

நம் ஆட்களை ஜோர்டானிலிருந்து விமானத்தில் அழைத்து வரத் தொடங்கிவிட்டார்கள். குவைத்திலிருந்து ஜோர்டான் எல்லை வரைக்கும் அவரவர் பாடு. பாலைவனம் வழியாக லாரியில், பஸ்ஸில், கிடைத்ததில் ஏறி வருகிறார்கள்.

இன்று வாசலில் விமானத்தை மட்டும் சொன்னேன். எல்லையில் குடிதண்ணீர் இல்லாமல் கூட்டம் கூட்டமாகக் கிடக்கிறார்கள் என்று எழுதியிருந்த பக்கத்தைத் திருப்பிவிட்டேன். செய்தி சொல்கிறவள் பாதியை முழுங்கலாமா என்று எனக்கே தெரியவில்லை. பெண்கள் சந்தோஷமாக எழுந்து போனார்கள். திண்டாட்டமெல்லாம் என் தொண்டையில் நின்றுவிட்டது.

எல்லோரும் போன பிறகு கதவுக்கு அந்தப் பக்கமிருந்து மாமா கேட்டார்.

"மிச்சத்தையும் சொல்லு."

சொன்னேன். அவர் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். கூட்டத்தில் எவன் டிக்கெட் எடுக்கவில்லை என்று முகத்தைப் பார்த்தே சொல்வாராம்.

ஆகஸ்ட் 19, ஞாயிறு

மழை தூறியது. ரேடியோ இழுத்தது. வேலை இல்லாததால் அவர் போன லீவில் சொன்னதையெல்லாம் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கே வெயிலில் இரும்புக் கம்பி தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளுமாம். ரொட்டி டயர் மாதிரி இருக்குமாம். சூப்பர்வைசர் எல்லோரையும் பாஸ்போர்ட்டில் முதலில் இருக்கிற பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவானாம். இவருக்கு முதலில் இருப்பது அப்பா பேர். "அவன் என்னையத் திட்டுறப்பல்லாம் அப்பாவத் திட்டுற மாதிரியே இருக்கு, அவருகிட்ட சொல்லிறாத" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்தப் பேரை நான் இங்கே எழுதவில்லை. மாமா பேரும் அவர் பேரும் என் வாயில் வராது, கையிலும் வராது. அம்மா வீட்டுப் பழக்கம். அறவாழி என்று மாமா சொன்னதை அப்படியே எழுதினேனே, அது மாமா கணக்கு.

எங்களுடையது சுயமரியாதைக் கல்யாணம். தாலி கட்டியதும் மாமா மைக்கைப் பிடித்து, "எங்க வீட்ல மூடப்பழக்கம் எதுவும் கெடையாது. மருமக என்னைய பேர் சொல்லியே கூப்புடலாம்" என்று அறிவித்தார். முன்வரிசையில் என் அம்மா மயங்கி விழாத குறை. மண்டபமே கைதட்டியது. மறுநாளிலிருந்து அவருக்கும் வெட்கம், எனக்கும் வெட்கம். கதவிடம் பேசத் தொடங்கினோம்.

ஆகஸ்ட் 22, புதன்

நல்ல விஷயம். சிற்றலையில் பத்தொன்பது மீட்டரில் வரும் ஒரு ஆங்கில நிலையம், அகதி முகாம்களில் இருப்பவர்களிடம் செய்தி வாங்கி வந்து வாசிக்கிறது. இன்னார், இன்ன முகாமில், நலம், வீட்டுக்குச் சொல்லுங்கள் என்று. ஒரு அம்மாளும் ஒரு ஆளும் மாற்றி மாற்றிப் படிக்கிறார்கள். ஒரே செய்தியைச் சில நாள் திருப்பிப் படிப்பார்களாம். ஞாயிறு கிடையாது.

கெட்ட விஷயம், அது விளக்கு வைக்கிற நேரத்தில் வருகிறது. அப்போது எனக்கு மாலை பேட்ச். ஹபீபா அக்கா தொழுகையில் இருப்பாள். மிச்சம் மாமாதான். அவருக்கு ஆங்கிலம் "ஹோல்டான்", "ரைட்" அளவுக்குத்தான் தெரியும். கதவிடம் விளக்கினேன்.

"அவங்க பேசுறது புரிய வேணாம். அவர் பேர் வருதான்னு மட்டும் கேட்டாப் போதும். ஹபீபா அக்கா வீட்டுக்காரர் பேரும்."

"அறவாழி, ஜபருல்லா. ரெண்டு பேருதானே? ஒரு பஸ்ஸு ஆளுவள ஞாபகம் வச்சிருந்தவன் நான்."

எனக்கு ஒரே கவலை, அந்த அம்மாள் நாக்கில் 'ழி' என்ன பாடுபடுமோ என்பது.

ஆகஸ்ட் 27, திங்கள்

வரவில்லை.

ஆகஸ்ட் 28, செவ்வாய்

வரவில்லை. சாம்பாரில் உப்புப் போட மறந்தேன். மாமா மூன்று கரண்டி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

ஆகஸ்ட் 29, புதன்

இன்ஸ்டிட்யூட்டிலிருந்து வந்தபோது வீட்டில் விளக்குப் போடவில்லை. மாமா ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். ரேடியோ அணைந்திருந்தது.

"வந்துச்சா?" என்றேன் கதவிடம்.

"அவன் பேரு வரல" என்றார். குரல் அடைத்திருந்தது. சளி பிடித்திருக்கும் என்று மிளகு ரசம் வைத்தேன்.

ஆகஸ்ட் 31, வெள்ளி

மாமாவுக்கு என்னவோ ஆகிவிட்டது. இன்றும் பேர் வரவில்லை என்றார், முகத்தில் ரத்தமே இல்லை. சாப்பிட உட்கார்ந்தவர் கதவிடம் திடீரென்று, "நாளைக்கி எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா சடங்கு, சங்கு, சேமக்கலம் ஒண்ணும் கூடாது. கறுப்புச் சட்டையப் போட்டு எடுத்துறணும்" என்றார்.

இது புதிதில்லை, தீபாவளிக்குத் தீபாவளி சொல்வதுதான். ஆனால் இன்று மீன்குழம்பைப் பிசைந்துகொண்டே, தீபாவளி இல்லாத நாளில் சொன்னார்.

செப்டம்பர் 1, சனி

காது மந்தமாகிவிட்டதா? காலையில் பால்காரர் வாசலில் நின்று மாமா பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். மாமா கூடத்தில்தான் இருந்தார். பேசவில்லை. இரண்டாவது தடவையும் மூன்றாவது தடவையும் கூப்பிட்டார். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நாலாவது தடவை அவர் கத்திய பிறகுதான் "யாரது, வர்றேன்" என்று எழுந்தார். வாசலில் நிழல் விழுந்தாலே "யாருய்யா?" என்று அதட்டுகிற மனிதர்!

மத்தியானம் தபால்காரருக்கும் இதே கதி. திங்கட்கிழமை காது டாக்டரிடம் போகலாம் என்றேன் கதவிடம். "காதுல ஒண்ணுமில்ல. காது நல்லாத்தான் கேக்குது" என்றார், ஏதோ அதுதான் தன் கஷ்டம் என்பது போல.

செப்டம்பர் 2, ஞாயிறு

மாமா முகச்சவரம் செய்துகொண்டு சைக்கிளில் கிளம்பினார். கட்சி பிரிந்த காலத்தில் சண்டை போட்டுக்கொண்ட சிநேகிதர் ஒருவர் அதிராம்பட்டினத்தில் இருக்கிறார். ஜென்ம விரோதி என்று கேள்வி. அவர் வீட்டில் போய்க் காபி குடித்துவிட்டு வந்திருக்கிறார். வந்து, அவருக்கு மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்காதது தன் தப்புதான் என்றார்.

செப்டம்பர் 3, திங்கள்

மதுக்கூர்க்காரர் ஒருவர் குவைத்திலிருந்து திரும்பிவிட்டார். மாமாவும் நானும் ஒரே பஸ்ஸில், அவர் முன்னால் நான் பின்னால், போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். அவரும் என் வீட்டுக்காரரும் ஒரே கேம்ப்.

"பாக்தாத் வரைக்கும் ஒரே லாரிதாங்க. அங்க கூட்டத்துல பிரிஞ்சிட்டோம். அவரு ஏறுன லாரி எல்லைக்கி வந்து சேரலன்னு சொன்னாங்க. வழியில ரிப்பேராயி நின்னுருக்கும்."

"ரிப்பேரான லாரியில உள்ளவங்க என்ன ஆவாங்க?" என்று கேட்டேன். அவர் மாமாவைப் பார்த்தார். "வேற வண்டி வரும்மா" என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது பின்னால் இருந்து மாமாவின் கழுத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வாசலில் பெண்களிடம் இதைச் சொல்லவில்லை. இன்று ஸ்டேஷன் மூடல்.

செப்டம்பர் 4, செவ்வாய்

வரவில்லையாம். "ஒழுங்காக் கேக்குதா?" என்று கேட்டதற்கு மாமா, "அந்த ஆளு படிக்கிறது நல்லா வெளங்குது. அந்தப் பொம்பள கொரலு எனக்குப் புடிக்கல" என்றார். வாழ்நாள் முழுக்கப் பெண்ணுரிமை பேசிய வாய்! அந்த அம்மாளுக்காக எனக்குக் கோபம் வந்தது. எனக்குத் தெரிந்தவரை அவள் உச்சரிப்புதான் சுத்தம்.

இரவு அழுதேன். சத்தம் வராமல்தான்.

செப்டம்பர் 6, வியாழன்

இன்ஸ்டிட்யூட் முதலாளி வீட்டில் பேத்திக்குக் காதுகுத்து. மாலை பேட்ச் கிடையாது. தெருவிளக்கு எரிவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டேன். செருப்பைக் கழற்றும்போது உள்ளே அந்த அம்மாளின் குரல் கேட்டது. உடனே அமுங்கியது. எட்டிப் பார்த்தால் மாமா ரேடியோவின் சத்தத்தை முழுசாகக் குறைத்துவிட்டு, திருகைப் பிடித்த கையை எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. கதவு, வெட்கம் எதுவும் ஞாபகம் இல்லை. நேராக அவர் எதிரே போய் நின்றேன்.

"ஏன் அமுக்குறீங்க மாமா?"

ஆறு வருடத்தில் அவர் முகத்தைப் பார்த்து நான் பேசிய முதல் பேச்சு இது.

"வேணாம் அரசி. அந்தப் பொம்பள வேணாம். ஆம்பள படிக்கிறப்ப தொறந்துருவேன். நம்ம புள்ள பேரு அதுல வந்துரும்."

"பாதிப் பேர அவங்கதானே படிக்கிறாங்க!"

அவர் கையை விலக்கித் திருகைத் திருப்பினேன். கரகரப்பு. யாரோ ஒரு கேரளத்துக்காரர் பேர், பிறகு ஒரு பஞ்சாப்காரர் பேர். பிறகு அந்த அம்மாள் நிதானமாக, இரண்டாக உடைத்து, மாமாவின் பேரை மட்டும் சொன்னாள்.

மாமா கண்ணை மூடிக்கொண்டார். "மூணாச்சு" என்றார்.

நான் அவரைப் பார்க்கவில்லை. என் விரல் தானாகக் காற்றில் ஷார்ட்ஹேண்ட் எழுதிக்கொண்டிருந்தது. ஜோர்டான், அம்மான் பக்கத்து முகாம், உடம்பு நலம், விமானத்துக்குக் காத்திருக்கிறேன், தமிழ்நாட்டில் பட்டுக்கோட்டையில் இருக்கும் அப்பாவுக்கும் மனைவி மங்கையர்க்கரசிக்கும் சொல்லவும். உலகத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து ஒரு வெள்ளைக்காரி என் முழுப்பேரையும் கடித்துத் துப்பிவிட்டு அடுத்த பேருக்குப் போய்விட்டாள். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"மாமா, இருக்கார். உயிரோட இருக்கார்."

"எனக்குத்தாம்மா நேரம் வந்துருச்சு" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். "வெளக்கு வைக்கிற நேரத்துல பேரச் சொல்லிக் கூப்புட்டா மூணு தடவ வரைக்கும் ஏன்னு கேக்கப்புடாதும்பா எங்காத்தா. மூணு தடவக்கி மேல கூப்புட்டா மனுசன். மூணோட நின்னுட்டா அது எமன், ஆள விட மாட்டான். போன வாரம் பொதங்கெழமை ஒரு தடவ கூப்புட்டா. வெள்ளிக்கெழமை ஒரு தடவ. ரெண்டு தடவயும் மேல கேக்காம அணைச்சிட்டேன். அவன ஒரு தடவ பாத்துட்டுப் போயிரலாம்னுதான் அமுக்குனேன். நீ தொறந்துட்ட. பரவாயில்ல, உன் மேல தப்பில்ல."

கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு இதைச் சொல்கிறார். பால்காரர், தபால்காரர், மீன்குழம்பு, அதிராம்பட்டினம் எல்லாம் ஒரே நேரத்தில் எனக்கு விளங்கியது.

"மாமா, அது உங்களக் கூப்புடல. அங்க அவரத்தான் அப்புடிக் கூப்புடுறாங்க. பாஸ்போர்ட்ல அப்பா பேருதான் மொதல்ல இருக்கு."

"எப்புடிக் கூப்புடுறாங்க?"

"உங்க பேரச் சொல்லி."

"எம் பேருன்னா? என்னன்னு?"

அவர் நம்பவில்லை. காதால் கேட்டாலொழிய நம்ப மாட்டார் என்று தெரிந்தது. நான் எழுந்து நின்றேன்.

"அய்யாக்கண்ணுன்னு" என்றேன். "அய்யாக்கண்ணுன்னு கூப்புடுறாங்க மாமா. எங்க வீட்டுக்காரரத்தான் அங்க எல்லாரும் அய்யாக்கண்ணுங்கறாங்க!"

தெருவுக்கே கேட்டிருக்கும். மாமா மெதுவாகக் கண்ணைத் திறந்தார். ரேடியோவைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார்.

"அப்ப நான் இத்தினி நாளா அமுக்குனது எம் புள்ள வாயவா?"

அவர் அழுதார். நானும் அழுதேன், சத்தம் வந்தே அழுதேன். இதே விஷயத்தை என் வீட்டுக்காரர் எனக்குச் சொல்லியிருந்தார், நானே சிரித்திருக்கிறேன். ஆனாலும் 'ழி' எப்படி வருமோ என்றே காத்துக்கொண்டிருந்தேன். யாரை யார் திட்டுவது?

கொஞ்சம் ஆறியதும் கேட்டேன். "எமன் இங்கிலீஷ்லயா மாமா கூப்புடுவான்? அதும் பொம்பளக் கொரல்ல?"

"எனக்கென்னம்மா தெரியும்? போனவன் எவனும் திரும்பி வந்து சொல்லல" என்றார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வெளில சொல்லிறாத. கட்சிக்காரனுவ காதுல விழுந்தா மானம் போயிரும்" என்றார்.

சொல்லவில்லை. இந்த டைரியிடம் மட்டும்தான்.

செப்டம்பர் 7, வெள்ளி

நேற்றிரவு படுத்த பிறகுதான் உறைத்தது. ஹபீபா அக்காவுக்கும் நாங்கள் தப்பான பேரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். விடிந்ததும் ஓடினேன்.

"அக்கா, உங்க மாமனார் பேர் என்ன?"

"ஏன் புள்ள? மௌத்தாகி வருசமாச்சே." அவளும் சொல்லத் தயங்கினாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு என் காதில் சொன்னாள். செய்யது மீரான்.

தெருவில் மிச்சம் ஐந்து வீடு. எல்லா வீட்டிலும் மாமனார் பேர் கேட்டேன். எல்லா மருமகள்களும் திருதிருவென்று முழித்தார்கள். ஒருத்தி கோலப்பொடியால் எழுதிக் காட்டிவிட்டு அழித்தாள். மாலை பேட்ச் இனி எனக்கு வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். மாமா எனக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். அந்த அம்மாள் பேசும்போது சத்தத்தைக் கூட்டுகிறவர் இப்போது அவர்தான்.

செப்டம்பர் 11, செவ்வாய்

செய்யது மீரான் ரேடியோவில் வந்துவிட்டார். அதே அம்மான் பக்கம், அதே முகாம். மாமாதான் முதலில் கேட்டு ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தார். தொழுகைப் பாயிலிருந்து எழுந்து வந்த ஹபீபா அக்கா என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

செப்டம்பர் 17, திங்கள்

"அய்யாக்கண்ணு! தந்தி!"

முதல் கூப்பாட்டிலேயே மாமா பாய்ந்து போனார். வேட்டி அவிழாதது தமிழ்நாட்டின் அதிர்ஷ்டம். தந்திக்காரர் தலையைச் சொறிந்தார்.

"என்னங்க இது, உங்களுக்கு நீங்களே தந்தி அடிச்சிருக்கீங்க?"

பம்பாய் வந்து சேர்ந்தேன். ரயில் டிக்கெட் கிடைத்தது. கிளம்புகிறேன். அய்யாக்கண்ணு.

பாஸ்போர்ட்டைப் பார்த்து அங்கே ஆபீஸில் யாரோ அடித்துக் கொடுத்திருப்பார்கள். மாமா அதை மடித்துக் கறுப்புச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, டிக்கெட் பரிசோதகர் மாதிரி தெரு முழுக்க ஒரு நடை நடந்துவிட்டு வந்தார்.

செப்டம்பர் 20, வியாழன்

காலை பஸ்ஸில் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அவ்வளவுதான். பாதியாக இளைத்திருக்கிறார். உதடு வெடித்திருக்கிறது. என்னைப் பார்த்துச் சிரித்தார், வெடித்த இடத்தில் ரத்தம் வந்தது. லாரி நின்றுபோன இடத்திலிருந்து இரண்டு நாள் நடந்ததை மாமாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். மாமா மகனின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் காபி போட்டேன். இரண்டு டம்ளரையும் எடுத்துக்கொண்டு சமையலறைக் கதவு வரை வந்தேன். வழக்கமாக அங்கேயே நின்று தொண்டையைச் செருமுவேன். இன்று கதவைத் தாண்டிக் கூடத்துக்கு வந்தேன். கல்யாண மண்டபத்தில் மைக்கில் கொடுத்த அனுமதி இன்னும் செல்லும் என்றுதான் நினைக்கிறேன்.

"அய்யாக்கண்ணு, காபி ஆறுது" என்றேன்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "என்ன?" என்றார்கள்.